மில்லுக்கு எதிரே மௌனம்

காலை பதினொரு மணிக்கு மில்லை நிறுத்தச் சொன்னார்கள். மில்லக்கா நிறுத்தினாள். பெல்ட் தானாகக் கொஞ்சம் சுற்றிவிட்டு ஓய்ந்தது. துணிக்குழாயில் தங்கியிருந்த மாவு பொத்தென்று டின்னில் விழுந்தது.

வெளியே, மூன்று தெருக்கள் கூடும் இடத்தில், அவள் தம்பி சிமெண்டில் நின்றுகொண்டிருந்தான். கையில் துப்பாக்கி. அவன் ராணுவத்தில் லாரி ஓட்டியவன். போர் நடந்த சமயம் மலைப்பாதை சரிந்து லாரியோடு போய்விட்டான். லாரியில் உருளைக்கிழங்கு இருந்தது. இதையெல்லாம் சிற்பியிடம் சொல்லிப் பார்த்தார்கள். அவரிடம் துப்பாக்கி அச்சு மட்டும்தான் இருந்தது.

போரில் செத்தவர் என்று நம் ஊருக்கு அதுவரை யாரும் இல்லை. பக்கத்து ஊருக்கு ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு தூண், தூணைச் சுற்றிச் சங்கிலி, சங்கிலியைச் சுற்றிப் புல். தம்பியின் செய்தி வந்த அன்று நகரசபைத் தலைவர் துக்கம் விசாரிக்க வந்தார். கைகூப்பினார். குரல் தழுதழுத்தது.

"நமக்கும் ஒருத்தர் கெடச்சிட்டாரும்மா" என்றார்.

சிலை வைத்த முதல் வருடம் இரண்டு நிமிட மௌனம். விசில் ஊதியது. ஊர் தலைகுனிந்து நின்றது. மறுபடி விசில் ஊதியது. ஊர் தலையைத் தூக்கியது. மில்லக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் சுவிட்சைப் போட்டாள்.

"அவ்வளவுதானா?" என்றார் அவள் வீட்டுக்காரர்.

"வேற என்ன பண்ணுவாங்க?"

வேறு என்ன பண்ணுவார்கள் என்பது இருவருக்கும் அப்போது தெரியாது.

அன்று மாலைக் கூட்டத்தில் தலைவர் பேசினார். "பக்கத்து ஊர்க்காரங்க அஞ்சு பேருக்கும் சேத்து ரெண்டு நிமிஷம் நிக்கறாங்க. நாம ஒருத்தருக்கே ரெண்டு நிமிஷம். அப்ப யாருக்கு மரியாத ஜாஸ்தி? தியாகத்த மதிக்கறதுல நாம அவங்களவிட அஞ்சு மடங்கு. இத நான் சொல்லல. கணக்கு சொல்லுது."

கணக்கு பக்கத்து ஊருக்கும் போய்ச் சேர்ந்தது. மறு வருடம் அவர்கள் பத்து நிமிடம் நின்றார்கள். நம் ஊர் கால் மணி நேரம் நின்றது. அவர்கள் அரை மணி. அதன் பிறகு எத்தனை நிமிடம் என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. யார் அதிகம் என்பதை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

நிமிடத்தில் சமமானபோது தரத்தில் இறங்கினார்கள். மாவட்டத்திலிருந்து நடுவர்கள் வந்து இரண்டு மௌனங்களையும் பார்த்தார்கள். கோப்பை பக்கத்து ஊருக்குப் போனது. அங்கே ஒரு குழந்தைகூட அழவில்லையாம். அவர்கள் குழந்தைகளை முந்தின நாளே வெளியூருக்கு அனுப்பிவிட்டதாக நம் ஊர் புகார் எழுதியது. புகாரை அனுப்பிவிட்டு நம் ஊரும் குழந்தைகளை அனுப்பியது. அடுத்த கோப்பை நமக்குக் கிடைத்தது.

தலைவர் கோப்பையை மில்லுக்கே கொண்டுவந்து காட்டினார்.

"ஒங்க தம்பி சம்பாதிச்சது" என்றார்.

மில்லக்கா கையில் மாவு. கோப்பையைத் தொடவில்லை. அது நல்லது என்று தலைவர் நினைத்தார். தொடக் கொடுப்பதாக அவருக்கு உத்தேசம் இல்லை.

நினைவு நாள் வருடத்துக்கு ஒன்று. ஆனால் மௌனத்துக்கு ஒத்திகை வேண்டும். ஒத்திகை நினைவு நாளைவிட நீளமாக இருந்தது. தப்பு செய்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இருமுகிறவர்கள் தனியாகப் பிரிக்கப்பட்டுப் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் நின்றார்கள். அங்கே அவர்களுக்கென்று ஒரு சின்ன மௌனம் நடந்தது. தலைகுனிவிலும் முறை வந்தது. தலைவரைவிடக் கீழே யாரும் குனியக் கூடாது. அவரைவிட மேலேயும் விறைப்பாக நிற்கக் கூடாது. பிறவியிலேயே கழுத்து வளைந்த தபால்காரர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரைப் போல நில்லுங்கள் என்று முன்வரிசைக்குக் கொண்டுவந்தார்கள். தலைவரைவிடக் கீழே இருந்ததால் அவரைப் பின்வரிசைக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

ஒத்திகை நாட்களில் மில் ஓடாது. முதலில் மாதம் ஒரு ஒத்திகை. பிறகு வாரம். பிறகு வேலை நாட்களில் எல்லாம்.

இதற்கெல்லாம் ஓர் அலுவலர் தேவைப்பட்டார். நகரசபை வண்டியில் ஒலிபெருக்கியுடன் போய், குழாயில் தண்ணீர் வராத நாட்களை அறிவிக்கிறவர் ஒருவர் இருந்தார். ஊரில் அவருக்குப் பெயர் மைக். குரல் வளம் உள்ளவர் என்பதால் அவரை மௌன அலுவலராகப் போட்டார்கள். அதே வண்டி. அதே ஒலிபெருக்கி.

"அன்பார்ந்த பொதுமக்களே! அமைதி! இன்னும் சற்று நேரத்தில் அமைதி! அமைதிக்குத் தயாராகுங்கள்! அமைதி!"

மில்லின் கூரைத் தகடு அதிர்ந்தது. மாவு உதிர்ந்தது.

ஒருநாள் அவர் சத்தம் அளக்கும் கருவியோடு வந்தார். சின்னக் கருவி. முள் ஒன்று ஆடியது. அதைச் சிலையின் காலடியில் வைத்துவிட்டு, ஒலிபெருக்கியில் "சத்தம் அளக்கப்படுகிறது! யாரும் சத்தம் போடாதீர்கள்!" என்று அறிவித்தார். முள் கடைசி வரை போய் அங்கேயே நின்றது.

மைக் மில்லுக்கு வந்தார். "என்னக்கா, இவ்வளவு சத்தம் வருது ஒங்க மில்லுலேர்ந்து?"

"மில்லு காலையிலேர்ந்தே ஓடலயே தம்பி."

மைக் உள்ளே எட்டிப் பார்த்தார். மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது.

"ஓடாதப்பவே இவ்வளவுன்னா, ஓடுனா என்ன ஆகும்?" என்றார். "அதையும் சேத்துதான்க்கா எழுதணும்."

"நீ கத்துனதுலதான்டா முள்ளு போச்சு" என்றார் வீட்டுக்காரர்.

"மாமா, நான் கத்தல. அறிவிச்சேன். கருவிக்கு வித்தியாசம் தெரியும்."

அவர் எழுதிக்கொண்டு போனார்.

சிலையைச் சுற்றிய இடம் மௌன வளாகம் ஆனது. வளாகத்துக்குள் இருந்த டீக்கடையில் கண்ணாடித் தம்ளருக்குப் பதில் காகிதக் கப். சைக்கிள் கடையில் ரப்பர் சுத்தியல். சலூன்காரர் கத்தரிக்கோலை வைத்துவிட்டு மெஷினுக்கு மாறினார். மெஷின் இரைகிறது என்றார்கள். கத்தரிக்கோலுக்குத் திரும்பினார். கத்தரிக்கோலும் சத்தம் போடுகிறது என்றார்கள். அதன் பிறகு நம் ஊரில் ஆண்கள் முடி வளர்த்தார்கள். அதைத் துக்கத்தின் அடையாளம் என்று மாவட்டப் பத்திரிகை எழுதியது.

மாவு மில்லுக்கு ரப்பர் எதுவும் பொருந்தவில்லை. கல் கல்லோடு உரசினால்தான் மாவு. காலையில் கொஞ்ச நேரம், ஊர் எழுந்திருக்கும் முன், ஓட்டிக்கொள்ளலாம் என்றார்கள். அந்த நேரத்தில் கோதுமை கொண்டுவர யாரும் எழுந்திருக்கவில்லை. மூட்டைகள் சுவரோரம் ஏறின. மூட்டைகளில் வண்டு ஏறியது. மிளகாய் கொண்டுவந்தவர்கள் திருப்பி எடுத்துப் போனார்கள். மிச்சமிருந்த ஒரே பெரிய வாடிக்கை ரொட்டிக்கடைக்காரர்.

மில்லக்காவுக்கு வியாபாரத்தோடு போனது இன்னொன்றும் உண்டு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மில் ஓடும்போது அவள் தம்பியோடு பேசுவாள். அந்த இரைச்சலில் யாருக்கும் எதுவும் கேட்காது. தானியத்தைக் கொட்டிவிட்டு, தொட்டி மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு திட்டுவாள். "எருமமாடு. மழை பேஞ்சா வண்டிய ஓரமா நிறுத்தத் தெரியாதா ஒனக்கு? உருளைக்கிழங்கு ஒருநாள் லேட்டாப் போனா போர் நின்னுருமா? செத்தா செத்தான்னு உட்ருவேன்னு நெனச்சியா?" கல் மாற்றியது, வீட்டுக்காரருக்கு முட்டி வலி, கரண்ட்டு போனது எல்லாம் சொல்வாள். ஒரு மூட்டை அரைபடுவதற்குள் ஊர்க்கதை முழுக்க முடிந்துவிடும். வீட்டுக்காரர் அவள் உதடு அசைவதைப் பார்த்திருக்கிறார். என்ன என்று கேட்டதில்லை. மில் ஓடும்போது எதையும் கேட்க வேண்டியதில்லை என்பது அவருக்கும் வசதியாக இருந்தது.

இப்போது மில் நிற்கிறது. உதடும் நிற்கிறது. நடுவில் ஒருமுறை, மில் ஓடாதபோது, மெதுவாகப் பேசிப் பார்த்தாள். "என்னம்மா?" என்றார் வீட்டுக்காரர். "ஒண்ணுமில்ல" என்றாள்.

நகரசபைக்குப் போனார்கள்.

தலைவர் அறையில் நீளமான மேசை. மேசைக் கண்ணாடிக்கு அடியில் தலைவர் பல பேருக்குச் சால்வை போடும் படங்கள். மின்விசிறி நிறுத்தப்பட்டிருந்தது. அதுவும் சத்தம் போடுமாம். தலைவர் விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார்.

"ஒக்காருங்கம்மா. வீரத்தமக்கை நிக்கக் கூடாது."

அது அவளுக்குக் கொடுத்திருந்த பட்டம். உட்கார்ந்தாள். வீட்டுக்காரருக்குப் பட்டம் இல்லை. நின்றார்.

"மில்லு ஓட்ட நேரமே இல்லீங்க" என்றாள்.

"ஒங்க தம்பி உயிரையே குடுத்தாரு. நீங்க நேரத்தக் குடுக்க யோசிக்கிறீங்க."

"யோசிக்கலீங்க. கோதும வண்டு வைக்குது."

"வண்டு எல்லா ஊர்லயும்தாம்மா வைக்குது. ஆனா வீரர் எல்லா ஊர்லயும் இருக்காரா?"

அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"அவனுக்கே அமைதி புடிக்காதுங்க" என்றாள். "சின்ன வயசுலேர்ந்தே அப்டித்தான். அவன் வந்தா தெருமுனையிலயே தெரியும். சோறு திங்கறப்பக்கூட தட்டத் தட்டிக்கிட்டுதான் திம்பான்."

தலைவர் அனுதாபத்தோடு சிரித்தார். "நீங்க அக்கா. ஒங்களுக்கு அப்டித் தோணும். ஆனா அவரு அமைதியே உருவானவரு. செலைக்குக் கீழ கல்லுல வெட்டிருக்கே, பாக்கலையா?"

"அத யாருங்க சொன்னது?"

"நான்தான் எழுதுனேன்."

"ஒங்களுக்கு அவனத் தெரியுமா?"

"தெரியாம என்னம்மா? அவரு மேல மொதல்ல போலீஸ்ல புகார் குடுத்ததே நான்தானே. சைலன்சரக் கழட்டிட்டு வண்டிய ஓட்டி எங்க தெருவையே ரெண்டாக்கிட்டாரு. எங்கப்பா படுக்கையில கெடந்தாரு அப்ப." தலைவர் விசிறியை நிறுத்தினார். "அது வேற காலம். அப்ப அவரு உயிரோட இருந்தாரு."

வீட்டுக்காரர் முதல்முறையாகப் பேசினார். "மில்ல மூடச் சொல்றீங்களா?"

"மூடச் சொல்வேனா? வீரரோட குடும்பத்து மில்லு. எடம் மாத்தித் தர்றோம். ஊருக்கு வெளிய, செங்கல் சூளைக்கு அந்தப் பக்கம். நினைவு நாளன்னிக்கு மௌனம் முடிஞ்சதும் பொதுமக்கள் முன்னால தீர்மானமாப் படிக்கிறேன். மரியாதையாச் செய்யணுமில்ல?"

"அங்க யாருமே இல்லையே. யாரு மாவரைக்க வருவா?"

"அதாம்மா விசேஷம். யாரும் வரமாட்டாங்க. அவ்வளவு அமைதி."

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் கேட்டார். "நீ தட்டத் தட்டற கதைய எதுக்குச் சொன்ன?"

"பின்ன என்னத்தச் சொல்றது?"

"வண்டு கதையே நல்லாப் போய்க்கிட்டிருந்துச்சு."

நினைவு நாளுக்கு முன்பு பக்கத்து ஊரிலிருந்து செய்தி வந்தது. அந்த வருடம் அவர்கள் காலையிலிருந்து மதியம் வரை நிற்கப் போகிறார்கள். நினைவு நாள் குழு அவசரமாகக் கூடியது. மாலை வரை நிற்கலாம் என்றார் ஒருவர். அவர்கள் ராத்திரி வரை நின்றால்? விடிய விடிய நிற்கலாம் என்றார் இன்னொருவர். அவர்கள் ரெண்டு நாள் நின்றால்? என்ன எண் சொன்னாலும் அதைவிடப் பெரிய எண் ஒன்று இருந்தது. இது குழுவை மிகவும் பாதித்தது.

தலைவர் மட்டும் கலங்கவில்லை. அவர் எழுந்தார்.

"அவங்க மௌனத்துக்கு ஒரு அளவு இருக்கு. அதுதான் அவங்க பலவீனம். நம்ம மௌனத்துக்கு அளவே கெடையாது. இந்த வருஷம் நாம ஆரம்பிக்கிறோம். அவ்வளவுதான்."

கைத்தட்டக் கூடாது என்பதால் எல்லோரும் கைகளை உயர்த்தி ஆட்டினார்கள்.

மைக்குக்கு ஒரு சந்தேகம். "ஐயா, எப்ப முடிக்கிறது?"

"தியாகத்துக்கு முடிவு இருக்கா?"

"இல்லீங்க."

"அப்புறம் என்ன?"

மைக் உட்கார்ந்தார். அவருக்குக் கொடுக்கப்பட்ட உத்தரவில் தொடங்கும் விசில் இருந்தது. முடிக்கும் விசில் இல்லை. அதை அவர் கவனித்தார். மறுபடி எழுந்திருக்க அவருக்குத் துணிவில்லை.

நினைவு நாளன்று அமைச்சர் ஒருவர் வந்தார். ஓய்வு பெற்ற தளபதி ஒருவர் வந்தார். தன் ஊர் தோற்பதைப் பார்க்க வேண்டும் என்று பக்கத்து ஊர்த் தலைவரையும் அழைத்திருந்தார்கள். ஜெயிப்பதைப் பார்க்க அவர் வந்திருந்தார். போலீஸ் பேண்டு வந்தது. குழந்தைகளைத் தவிர ஊர் முழுக்க வந்தது.

அன்று காலையிலேயே ரொட்டிக்கடைக்காரர் மில்லுக்கு வந்துவிட்டார்.

"என்னக்கா, இன்னிக்காவது அரைப்பீங்களா? கடையில ஒரு கைப்பிடி மாவு கெடையாது. நாளைக்கு அடுப்பு பத்த வைக்கணுமா வேணாமா?"

"மௌனம் முடிஞ்சதும் மொத வேல ஒங்களுதுதாங்க."

"முடிஞ்சதும் அவரு தீர்மானம் படிக்கப் போறாராமே? செங்கல் சூளைக்கு நான் மூட்ட தூக்கிக்கிட்டு வரமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன். பக்கத்து ஊர் மில்லுக்கு மாறிடுவேன். அங்கதான் மௌனம் மதியத்தோட முடியுது."

மில்லக்கா அவரது கோதுமையைத் தொட்டியில் கொட்டி வைத்தாள். ஷட்டரை இறக்கினாள். முன்வரிசைக்குப் போனாள். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார்.

தலைவர் சுருக்கமாகப் பேசினார். அது அவருக்கு வழக்கமில்லை. "நான் எப்பவும் சொல்றதுதான். வீரர் சாகலைன்னா இந்த ஊரு இவ்வளவு வளந்திருக்குமா? இந்த மேட, இந்த வளாகம், அமைச்சர் ஐயா வருகை, எல்லாம் அவரு போட்ட பிச்ச. இன்னும் பல வீரர்கள இந்த மண்ணு குடுக்கணும். ஒவ்வொரு வீட்லேர்ந்தும் ஒருத்தர எதிர்பாக்குறேன்." ஒவ்வொரு வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தார். "என் பையன் வெளிநாட்டுல இருக்கான். இல்லேன்னா நானே அனுப்பிருப்பேன்."

மைக் விசில் ஊதினார். மௌனம் தொடங்கியது.

முதலில் எல்லாம் நன்றாகவே போனது. தலைகள் ஒத்திகையில் பழகிய உயரத்தில் குனிந்தன. பேண்டு வாசிப்பவர் குச்சியை மேளத்துக்கு ஒரு விரல் மேலே பிடித்திருந்தார். தெருவில் வந்த லாரி ஒன்று இன்ஜினை அணைத்துவிட்டு நடுரோட்டில் நின்றது. சிலையின் துப்பாக்கி நிழல் அமைச்சரின் செருப்பின் மேல் கிடந்தது.

நிழல் செருப்பை விட்டு இறங்கியது. புல்லில் நகர்ந்தது.

டீக்கடையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. தீய்ந்த வாசனை கூட்டம் முழுக்கப் பரவியது. டீக்கடைக்காரரின் மூக்கு விடைத்தது. வேறு எதுவும் அசையவில்லை.

அமைச்சரின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. அமைச்சர் உதவியாளரைக் கடைக்கண்ணால் பார்த்தார். உதவியாளர் தரையைப் பார்த்தார். தலையைத் தூக்குவது அமைச்சருக்குச் சிரமமான காரியம் அல்ல. ஆனால் பக்கத்தில் தளபதி குனிந்திருந்தார். தளபதிக்கு முன்பாக அமைச்சர் நிமிர்ந்தால், நாளைப் பத்திரிகையில் அமைச்சருக்குத் தியாகத்தின் மேல் மரியாதை குறைவு என்று வரும். தளபதிக்கு இடுப்புவலி. அமைச்சருக்கு முன்பாக நிமிர்ந்தால், ராணுவம் இவ்வளவுதானா என்பார்கள். இருவரும் தலைவர் முடித்துவைப்பார் என்று காத்திருந்தார்கள். தலைவர், விருந்தினர்கள் நிமிர்ந்தால்தான் தான் நிமிர்வது முறை என்று காத்திருந்தார். பக்கத்து ஊர்த் தலைவர் நம் தலைவரைக் கவனித்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு தீர்மானத்தோடு வந்திருந்தார். இவர் நிமிர்ந்த பிறகு ஒரு மூச்சு நேரமாவது குனிந்திருந்துவிட்டுத்தான் நிமிர்வது. நம் தலைவருக்கும் அது தெரிந்திருந்தது.

மைக் வாயில் விசிலோடு நின்றார். எச்சில் விசில் வழியாகச் சொட்டியது.

நிழல் தளபதியின் தொப்பியைத் தொட்டது.

வயதானவர் ஒருவர் மயங்கி விழுந்தார். சுற்றி நின்றவர்கள் அவரைப் பொறாமையோடு பார்த்தார்கள். இரண்டு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போனவர்கள் திரும்பி வரவில்லை. சற்று நேரத்தில் இன்னொருவர் விழுந்தார். அவரைத் தூக்க எட்டு பேர் முன்வந்தார்கள். அதன் பிறகு பின்வரிசையில் திடகாத்திரமானவர்களும் விழத் தொடங்கினார்கள். தலைவரின் பார்வை அந்தப் பக்கம் போனது. விழுவது நின்றது.

வீட்டுக்காரர் உதட்டை அசைக்காமல் கேட்டார். "யாரு முடிப்பா?"

"தெரியல" என்றாள்.

பின்னாலிருந்து யாரோ மூச்சை இழுத்துக் கண்டித்தார்கள்.

மில்லக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவள் நிமிர்ந்ததை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் குனிந்திருந்தார்கள். ஊர் முழுவதும் உச்சந்தலைகளாகத் தெரிந்தது. வழுக்கை, நரை, தொப்பி, சலூன் இல்லாத ஊரின் காடு. இத்தனை பேரில் தம்பியை நினைத்துக்கொண்டிருப்பது யார் என்று அவள் பார்த்தாள். டீக்கடைக்காரர் பாலை நினைத்துக்கொண்டிருந்தார். அது பார்த்தாலே தெரிந்தது. அமைச்சர் போனை. தளபதி இடுப்பை. ரொட்டிக்கடைக்காரர் மட்டும் தலையைப் பக்கவாட்டில் சாய்த்து அவளைப் பார்த்தார். வாயைத் திறக்காமல், கண்ணால், மூடியிருந்த ஷட்டரைக் காட்டினார்.

தலைவரின் சட்டைப்பையில் தீர்மானம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஓரம் வியர்வையில் நனைந்திருந்தது. அதைப் படிக்க அவர் வாயைத் திறக்க வேண்டும்.

மில்லக்கா அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வரிசையை விட்டு வெளியே நடந்தாள்.

வீட்டுக்காரர் அவள் முந்தானையைப் பிடிக்கப் பார்த்தார். கை பாதி வழியில் நின்றது. கையை நீட்டினால் ஒத்திகைப்படி அது தப்பு. நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல், அவரும் அதைத் தொடர்ந்து நடந்தார்.

சிலையைக் கடந்து போகும்போது அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். சிமெண்ட் முகம். யாரைப் போலவும் இல்லை. நிற்காமல் போனாள்.

ஷட்டரைத் தூக்கினாள். எண்ணெய் காணாத ஷட்டர். கீழேயிருந்து மேலே போகும்வரை கிறீச்சென்றது. மைக்கின் முதுகு விறைத்தது. விசில் வாயிலேயே இருந்தது. ஊத முடியாது. முடிக்கும் விசிலுக்கு அவருக்கு உத்தரவில்லை. தலைவரின் கழுத்து நரம்பு புடைத்தது. பக்கத்து ஊர்த் தலைவரின் உதட்டோரம் மெல்லக் கோணியது. அவர் காத்திருந்தார்.

உள்ளே மோட்டார், பெல்ட், தொட்டி நிறையக் கோதுமை. வீட்டுக்காரர் டின்னை எடுத்துத் துணிக்குழாய்க்கு அடியில் வைத்தார். டின் தரையில் இடித்து டங்கென்றது. அவர் பயந்துபோய்த் தெருவைப் பார்த்தார். ஒரு தலையும் அசையவில்லை. இன்னொரு முறை, சரியாக வைப்பது போல, கொஞ்சம் பலமாகவே இடித்துவைத்தார்.

"போடப் போறியா?" என்று கிசுகிசுத்தார்.

"எதுக்குக் கிசுகிசுக்கிறீங்க?"

"அவங்க என்ன சொல்வாங்களோ."

"கேட்டுட்டாப் போச்சு" என்றாள்.

சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு அவள் தெருவைப் பார்த்துத் திரும்பினாள். அமைச்சரையும் தளபதியையும் தலைவரையும் ஊரையும் பார்த்து, மில் ஓடும்போது பேசும் அதே குரலில், சத்தமாகக் கேட்டாள்.

"இந்த மில்லு இங்கயேதான் இருக்கும், இப்ப ஓடப் போகுது. வேணாம்னு சொல்றவங்க யாராச்சும் இருந்தா, இப்பவே வாயத் தொறந்து சொல்லிடுங்க!"